‘ஆரோக்கிய பானம்’ என்னும் நம்பிக்கையும் நுகர்வோர் உரிமையும்

நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிச் செல்வதும், பள்ளிக்குப் புறப்படும் குழந்தையின் பாலில் ஏதேனும் ஒரு சத்துப் பொடியைக் கலந்து கொடுப்பதும் தமிழ்நாட்டில் தலைமுறைகளாக நிலைத்துவிட்ட வழக்கங்கள். முளைகட்டி உலர்த்திய பார்லி போன்ற தானியத்திலிருந்து எடுக்கப்படும் மால்ட் சாற்றோடு சர்க்கரையும் பால் பொடியும் வைட்டமின்களும் சேர்த்துத் தயாரிக்கப்படும் இப்பொடிகள் குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதவை என்ற எண்ணம் பெரிதும் விளம்பரங்களால் வளர்க்கப்பட்டதாகும். இவற்றைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிவந்த ‘ஆரோக்கிய பானம்’ என்ற பெயருக்கு இந்திய உணவுச் சட்டத்தில் வரையறையே இல்லை என்பதைப் பெரும்பாலான பெற்றோர் அறிந்திருக்கவில்லை.

இவ்வுண்மை பொதுவெளிக்கு வந்தது அண்மையில்தான். இப்பொடிகளுள் ஒன்றான போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையின் அளவைச் சுட்டிக்காட்டிய ஒரு காணொளி 2023 ஏப்ரலில் பரவலாகப் பேசப்பட்டது. நிறுவனத்தின் சட்ட அறிவிப்புக்குப் பின் அது நீக்கப்பட்டது எனினும், தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரலில், பால், தானியம், மால்ட் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மத்திய வணிக அமைச்சகமும் அவ்வாறே கூறியது. ஹார்லிக்ஸைத் தயாரிக்கும் நிறுவனமும் தன் பானங்களின் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் பெயர் மாறியதால் பொடி மாறிவிடவில்லை.

போர்ன்விட்டாவில் 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரை 2023 இறுதியில் 32.2 கிராமாகக் குறைக்கப்பட்டது. குறைக்கப்பட்ட அளவின்படியே கணக்கிட்டாலும், 20 கிராம் பொடி கலந்த ஒரு கோப்பையில் ஆறரை கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனுடன் வீட்டில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைச் சேர்த்து நாளுக்கு இருமுறை கொடுத்தால், உணவின் பிற வழிகளில் சேர்வதற்கு முன்பே 20 கிராமைத் தாண்டிவிடும். உணவில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு இந்த 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 19 கிராம்தான். பற்சொத்தையும் உடற்பருமனும் மிகுந்துவரும் காலத்தில், சத்து என்ற நம்பிக்கையோடு நாள்தோறும் ஊட்டப்படும் இச்சர்க்கரையை அற்பமானது என்று ஒதுக்கிவிட இயலாது.

இப்பானங்களால் கிடைப்பதாகக் கருதப்படும் புரதத்தில் பெரும்பகுதி உண்மையில் பாலிலிருந்து வருவதாகும். ஒரு கோப்பைப் பாலில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையிலும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலும் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மாதந்தோறும் ஒரு பெரிய பாக்கெட் வாங்குவதற்காக முட்டையையும் பயறையும் குறைத்துக்கொள்ளும் குடும்பம் அடையும் இழப்பு, பணத்தோடு முடிந்துவிடுவதில்லை.

விளம்பர உறுதிமொழிகளுக்குச் சான்று கேட்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு 2008ஆம் ஆண்டு நிகழ்வொன்று போதுமானது. குழந்தைகளை உயரமாகவும் வலிமையாகவும் கூர்மதியோடும் ஆக்குவதாகக் கூறிய ஹார்லிக்ஸ் விளம்பரம் நேபாளத் தொலைக்காட்சி அலைவரிசையொன்றின் வழியாகப் பிரிட்டனில் ஒளிபரப்பானபோது, அந்நாட்டின் விளம்பரத் தர ஆணையம் அதற்குத் தடை விதித்தது. ஒரு நாட்டில் நிறுத்தப்பட்ட அதே வகையான வாக்குறுதி இங்கே இயல்பாக ஏற்கப்பட்டதற்கு, நுகர்வோர் எழுப்ப வேண்டிய கேள்வி எழாமற்போனதும் ஒரு காரணம் எனலாம்.

இத்தகைய மயக்கம் இப்பானங்களோடு நிற்பதில்லை. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற சொற்கள் இனிப்பே இல்லை என்று பொருள்படா. மால்டோடெக்ஸ்ட்ரின் எனப்படும் மாவுப்பொருள் சர்க்கரைக் கணக்கில் வராவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தக்கூடியது என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கொலஸ்ட்ரால் விலங்குவழி உணவுகளில் காணப்படுவது. ஆகவே, கொலஸ்ட்ரால் இல்லை என்று ஒரு தாவர எண்ணெய் பெருமை கொள்வதற்கு ஏதுமில்லை. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரையே. செறிவூட்டிய சாற்றில் நீர் கலந்து தயாரிக்கப்படும் பானங்களின் மீது ‘100 விழுக்காடு பழச்சாறு’ என்று அச்சிடக் கூடாது என 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது.

இவற்றை அறிந்துகொள்ளும் வழியைச் சட்டமே தந்திருக்கிறது. உணவுப் பொட்டலத்தின் மீது சேர்பொருட்களை எடையின் இறங்குவரிசையில் குறிப்பிட வேண்டும். மொத்தச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் தனித்தனியே காட்ட வேண்டும். பட்டியலில் முதல் மூன்று இடங்களுக்குள் சர்க்கரை இருந்தால், முன்பக்கப் படம் எதைச் சொன்னாலும் அது இனிப்புப் பண்டமே. ‘குறைந்த சர்க்கரை’ என்று கூற வேண்டுமானால், திடப்பொருளில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது.

பொய்யான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன் 53ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கு மட்டுமன்றி, உரிய விசாரிப்பின்றி அவ்விளம்பரத்தில் பரிந்துரைத்த நடிகருக்கும் விளையாட்டு வீரருக்கும் அபராதம் விதிக்கலாம். புகாரை அந்த ஆணையத்துக்கு மட்டுமன்றி மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்து மூலம் அனுப்ப முடியும் என்பது பலர் அறியாத வசதியாகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். இழப்பீடு கோருவோர் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. விலைச்சீட்டு, பொட்டலம், விளம்பரத்தின் நகல் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவரின் புகாரே எளிதில் நிலைபெறும். ஐயத்துக்குரிய உணவை உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யும் உரிமையும் வாங்குபவருக்கு உண்டு.

எனினும் சிறிய எழுத்துகளைப் படிக்கும் சுமையை முழுவதும் வாங்குபவர் மீது ஏற்றுவது நேர்மையாகாது. சிலி நாடு 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பொட்டலங்களின் முன்பக்கத்தில் எண்கோண வடிவக் கறுப்பு எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2022இல் வெளியான வரைவு விதிமுறை அதற்கு மாறாக நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. புரதமும் நார்ச்சத்தும் ஈட்டும் புள்ளிகள் சர்க்கரையின் தீமையை ஈடுசெய்ய இம்முறை இடம் தருவதால், இனிப்பு மிகுந்த பொடியும் ஓரிரு நட்சத்திரங்களோடு நல்லதாகத் தோற்றமளிக்கக்கூடும். எழுத்தறியாத தாயும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளத்தக்க எச்சரிக்கைக் குறியையே பெற்றோரும் நுகர்வோர் அமைப்புகளும் கேட்டுப் பெற வேண்டும்.