தியாகச் சிலுவை: கல்லறைத் தோட்டத்துப் போர் நினைவுச்சின்னம்

நகரக் கல்லறைத் தோட்டத்தில் உயர்ந்து நிற்கும் கற்சிலுவையின் முகப்பில், முனை கீழ்நோக்கிய வெண்கல வாள் ஒன்று பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தேவாலயச் சின்னம் எனப் பலர் கருதும் இது, இரு உலகப் போர்களிலும் உயிரிழந்தோருக்கான நினைவுச்சின்னமாகும். இதன் பெயர் தியாகச் சிலுவை.

1917 மே 21 அன்று அரச சாசனத்தின் மூலம் போர்க் கல்லறைகள் ஆணையம் நிறுவப்பட்டது. இன்று அது பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம் என அழைக்கப்படுகின்றது. அதற்காகக் கட்டடக் கலைஞர் ரெஜினால்ட் புளூம்ஃபீல்ட் இச்சிலுவையை வடிவமைத்தார். பொதுவாக 40 அல்லது அதற்கு மேற்பட்ட போர்க் கல்லறைகள் உள்ள இடங்களில் இது நிறுவப்பட்டது. இதே சிலுவை திருகோணமலையிலும் சென்னை நந்தம்பாக்கத்திலும் உள்ள போர்க் கல்லறைத் தோட்டங்களில் நிற்கின்றது.

பதவி, இனம், மதம் ஆகிய வேறுபாடின்றி அனைவரையும் சமமாக நினைவுகூர்வதே ஆணையத்தின் கொள்கை. ஆகவே தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான நடுகல்லே வைக்கப்பட்டது. எனினும் இக்கொள்கை எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்கப்படவில்லை. முதலாம் உலகப் போரில் உயிரிழந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரும் தொழிலாளரும் உள்ளிட்ட குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என 2021 ஏப்ரலில் வெளியான விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. ஆணையம் மன்னிப்புக் கோரியது.

எனவே பின்வரும் தகவல் எமது குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும். ஆணையத்தின் பெயர்ப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். உங்கள் முன்னோர் ஒருவர் பிரித்தானியப் பேரரசின் படைகளில் பணியாற்றி, 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையோ, 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரையோ உயிரிழந்திருந்து, அவரது பெயர் பதிவேட்டில் இல்லையெனில், பெயரைச் சேர்க்குமாறு ஆணையத்திடம் கோரலாம். படைப் பணியையும் இறப்பையும் உறுதிப்படுத்தும் ஆவணங்கள் தேவைப்படும். பழைய கடிதங்கள், பதக்கங்கள், ஓய்வூதியத் தாள்கள் வீட்டில் இருப்பின் அவற்றைப் பத்திரப்படுத்துக.

நவம்பர் மாத நினைவு ஞாயிறன்று இத்தகைய சின்னங்களின் அடியில் மலர்வளையங்கள் வைக்கப்படும். எம்மதத்தவரும் அஞ்சலி செலுத்தலாம். விளக்கோ கற்பூரமோ ஏற்ற விரும்புவோர் கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டறிக. சின்னத்தில் சேதம் எதனையும் கண்டால், தாமே திருத்த முயலாது அவ்வலுவலகத்திற்கு அறியத்தருக.