இரும்பு அலுமாரியும் இணைய வேகமும்

எம் அன்னையார் ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு ரொறன்ரோவிலுள்ள பேத்தியுடன் திரைவழி உரையாடுவார். சில மாதங்களாகக் குழந்தையின் முகம் உறைந்தும் மழலை அறுந்தும் போக, மனம் நொந்து எழுந்துவிடுவார்.

"கொம்பனியை மாத்துவம், அப்பா" என்றான் மகன். ஆராயாது மாற்றுதல் தகாதெனக் கருதி, முதலில் அளந்து பார்த்தோம்.

பகலில் மடிக்கணினியை ரவுட்டருடன் கம்பியால் நேரே இணைத்தபோது வேகம் செக்கனுக்கு 94 மெகாபிட். நாம் பணம் செலுத்துவது 100க்கு, ஆகவே குறையில்லை. (இதனை மெகாபைட் என மயங்கிச் சண்டைக்குச் செல்வோரும் உளர். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட்; ஆகவே 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே.) ஆனால் அன்னையாரின் அறையில் வைஃபை வழியே கிடைத்தது வெறும் 6! ரவுட்டர் இரும்பு அலுமாரியின் பின்னே தரையிற் கிடந்தது. உலோகம் வானொலி அலைகளைத் தெறிக்கச் செய்யும் என வகுப்பிற் கற்பிக்கும் நாமே அதனை அங்கு வைத்திருந்தோம். நடுக்கூடத்தில் உயரமான தட்டில் ஏற்றியதும் 6 என்பது 40 ஆயிற்று.

நிற்க. இரவு எட்டு மணிக்குக் கம்பியிலேயே வேகம் 5க்கு இறங்கியது. ஏழு இரவும் அவ்வாறே. அயலார் யாவரும் ஒருங்கே பயன்படுத்தும் வேளையில் பொதுவழியில் நெருக்கடி உண்டாகிறது; அதற்கு வீட்டினுள் மருந்தில்லை. அளவுகளைக் குறித்து நிறுவனத்தாரிடம் இருமுறை காட்டியும் பயனில்லை. வேறு நிறுவனத்தின் இணைப்புள்ள அடுத்த வீட்டில் அதே வேளையில் அளந்தோம், 80க்குக் குறையவில்லை.

உரையாடலைப் பிற்பகலுக்கு மாற்றலாமா எனவும் எண்ணினோம். அங்கே குழந்தை உறங்கும் நேரம் அது. புதிய விண்ணப்பத்தில் அன்றே கையொப்பமிட்டோம்.