தூரம் ஒன்று, படகு வேறு

விளையாட்டில் நீதி என்பது யாது? எல்லார்க்கும் ஒரே விதி வகுப்பதே நீதி என்பர் ஒரு சாரார். ஆற்றல் குறைந்தார்க்கு விதியைத் தளர்த்துவதே நீதி என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டினும் சிறந்த வழி ஒன்று உண்டு என்பதை மாற்றுத்திறனாளிப் பெண்களின் படகோட்டப் போட்டி நமக்கு உணர்த்துகிறது.

முதற்கண் படகு செல்லும் முறையை அறிதல் வேண்டும். பந்தயப் படகில் இருப்பவர், செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்வார். இருக்கை சிறு சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். கால்களால் மிதிபலகையை உதைத்து, உடலைப் பின்னோக்கிச் சாய்த்து, இறுதியில் கைகளால் துடுப்பை மார்பை நோக்கி இழுப்பார். பார்ப்பவர்க்கு இது கையின் தொழிலாகத் தோன்றும். ஆயினும், விசையின் பெரும்பகுதி கால்களிலிருந்தே பிறக்கின்றது.

அக்கால்கள் இயங்காவிடின் யாது செய்வது? படகை உடலுக்கு ஏற்பத் திருத்துவதே விடை. இதற்காக வீரர்களை மூன்று வகுப்பினராகப் பிரித்துள்ளனர். கால்களைப் பயன்படுத்தி நகரும் இருக்கையில் துடுப்பு வலிக்கக் கூடியோரும், பார்வைக் குறையுடையோரும் மூன்றாம் வகுப்பினர். இடுப்புக்கு மேற்பட்ட உடலையும் கைகளையும் மட்டும் பயன்படுத்துவோர் இரண்டாம் வகுப்பினர். இவர்தம் இருக்கை நகராது. தோளும் கையுமே துணையாக உடையோர் முதல் வகுப்பினர். இவர்களுக்கு நகராத இருக்கையோடு முதுகுச் சாய்வும், மார்பைச் சுற்றிய பட்டையும் உண்டு. படகு கவிழாதிருக்க அதன் இரு பக்கங்களிலும் மிதவைகள் பொருத்தப்படும். இடர் நேரின் பட்டையை ஒரே அசைவில் அவிழ்த்துவிடலாம்.

இவ்விளையாட்டு 2002-இல் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் நடந்த உலகப் படகோட்டப் போட்டியில் முதன்முதலாக இடம் பெற்றது. 2008-இல் பெய்ஜிங் பாராலிம்பிக்கிலும் சேர்க்கப்பட்டது. அங்குப் பெண்கள் தனிப் படகுப் போட்டியில் பிரிட்டனின் ஹெலன் ரெயின்ஸ்ஃபோர்டு தங்கம் வென்றார். 2012-இல் இலண்டனில் உக்ரேனின் அல்லா லைசெங்கோவும், 2016-இல் ரியோவில் பிரிட்டனின் ரேச்சல் மோரிசும் வென்றனர். மோரிஸ் முன்னர்ப் பெய்ஜிங்கில் கைமிதிவண்டிப் போட்டியிலும் தங்கம் பெற்றவர்.

இவர்கள் யாவரும் கடந்த தூரம் 1,000 மீட்டர். மற்ற வீரர்களுக்கோ ஒலிம்பிக்கில் 2,000 மீட்டர். கையால் மட்டும் வலிப்போர்க்குப் பாதித் தூரமே போதும் என்பது அந்நாளைய கருத்து. இது கருணைபோல் தோன்றினும், இதனுள் ஒரு தாழ்வும் மறைந்திருந்தது.

இதே கதை முன்னரும் ஒருமுறை நிகழ்ந்ததுண்டு. 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் மகளிர் படகோட்டம் முதன்முதல் சேர்க்கப்பட்டது. அப்போதும் ஆண்களுக்கு 2,000 மீட்டர், பெண்களுக்கு 1,000 மீட்டர் என்றே வகுத்தனர். 1988-இல் சியோலில்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் முழுத் தூரம் ஓட்டினர். முழுத் தூரம் கிடைத்தபின், அது பெண்களுக்கு மிகை என்ற பேச்சு பழங்கதையாயிற்று. ஆகவே மாற்றுத்திறனாளிப் பெண்கள் இரண்டு வேலிகளைத் தாண்ட வேண்டியிருந்தது எனலாம்: ஒன்று பெண்மை பற்றியது, மற்றொன்று உடல் பற்றியது.

2017 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2,000 மீட்டர் என உலகப் படகோட்ட அமைப்பு மாற்றியது. அவ்வாண்டு அமெரிக்காவின் சரசோட்டாவில் நடந்த உலகப் போட்டியில் புதிய தூரம் நடைமுறைக்கு வந்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். முன்னர் முதல் வகுப்புப் பெண்கள் 1,000 மீட்டரைக் கடக்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது 2,000 மீட்டருக்குப் பத்து நிமிடத்துக்கும் மேலாகிறது. கால் வலிமையுடைய வீராங்கனையர் ஏழெட்டு நிமிடங்களில் முடிக்கும் தூரம் அது. காலத்தைக் கொண்டு நோக்கின், பழைய முறையே ஒப்பானதன்றோ? இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறிய தசைகளே பத்து நிமிடம் இடைவிடாது உழைக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பந்தயம் ஒருவர் உழைக்கும் காலத்தை முன்கூட்டி அளந்து கொடுப்பதன்று. தூரத்தை நிறுத்திவிட்டுக் காலத்தை அளப்பதே பந்தயம். நெடுந்தூர ஓட்டத்தில் மெதுவாக ஓடுபவர்க்கு எவரும் எல்லைக்கோட்டை அருகில் நகர்த்துவதில்லை.

அப்பெண்கள் இவ்வாதத்துக்குத் துடுப்பாலேயே விடை கூறினர். நார்வேயின் பிர்கிட் ஸ்கார்ஸ்டைன், குளிர்காலப் பாராலிம்பிக்கில் பனிச்சறுக்கிலும் கலந்துகொண்டவர். அவர் 2017, 2018, 2019 ஆகிய மூன்றாண்டுகளிலும் முழுத் தூரத்தில் உலகப் பட்டம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கிலும் தங்கம் பெற்றார். இஸ்ரேலின் மோரான் சாமுவேலின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. ரியோவில் பழைய தூரத்தில் வெண்கலமும், டோக்கியோவில் புதிய தூரத்தில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் தங்கமும் அவருடையவை. தூரம் இரட்டித்தபின் அவர் பின்வாங்கவில்லை, மேலேறினார்.

கலப்பு அணிகளிலும் மகளிர்க்குச் சமபங்கு உண்டு. இருவர் படகில் ஆண் ஒருவர், பெண் ஒருவர். நால்வர் படகில் துடுப்பு வலிப்போர் ஆண் இருவர், பெண் இருவர். பிரிட்டனின் லாரன் ரௌல்ஸ் இருவர் படகில் ரியோ, டோக்கியோ, பாரிஸ் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர்.

இவற்றால் நாம் அறிவது யாது? உதவி வேறு, குறைத்து மதித்தல் வேறு. கண்பார்வை மங்கிய மாணவிக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள் தருவது உதவி. வினாக்களில் பாதியை நீக்கிவிடுவது அவள் அறிவைக் குறைத்து மதித்தல். மிதவையும் பட்டையும் நகராத இருக்கையும் முதல் வகையைச் சார்ந்தவை. பாதித் தூரம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. உடலுக்கு ஏற்ற படகைக் கொடுத்துவிட்டு, ஊரார்க்குள்ள நீர்வழியையே அவர்க்கும் விடுதல் வேண்டும். கடப்பதை அவர் பார்த்துக்கொள்வார்.