ஸ்டென்ட் வைத்த பிறகு காய்ச்சலா? அலட்சியம் வேண்டாம்!



தாம்பரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி பக்கத்தில் இருதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் நம் குழுக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள். ஆனாலும் அபூர்வமாக வரும் ஒரு ஆபத்தை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இது என்ன?

இருதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குக் கரோனரி தமனி என்று பெயர். அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. மூன்றும் சேர்ந்து உப்பினால் அது நிஜ வீக்கம். சுவர் கிழிந்து, கசியும் ரத்தத்தை வெளி அடுக்கோ சுற்றியுள்ள சதையோ மட்டும் பிடித்து நிறுத்தினால் அது பொய் வீக்கம். டாக்டர்கள் இதை 'சூடோ அனூரிசம்' என்பார்கள். கிழிந்த மோட்டார் ஹோஸில் துணி சுற்றினால் அந்த இடம் புடைத்து நிற்குமே, அது மாதிரிதான். துணி எத்தனை நேரம் தாங்கும்? வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஏன் வருகிறது?

பலூன் விரித்து ஸ்டென்ட் வைக்கும்போது சுவரில் காயம் படலாம். ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் கிருமி தொற்றலாம். சாலை விபத்தில் மார்பில் பலத்த அடி பட்டாலும் வரலாம். சில நாளிலும் தெரியும், சில மாதம் கழித்தும் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தால் மட்டும் இது இல்லை என்று சொல்லிவிட முடியாது. எக்கோவிலும் சில சமயம் தெரியாது. ஆஞ்சியோகிராமில் குழாயின் உட்பக்கம் தெரியும். சி.டி. ஆஞ்சியோகிராமில் வீக்கத்தின் அளவும் அதைச் சுற்றியுள்ள இடமும் தெரியும். மருந்து செலுத்தி எடுப்பதால் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை என்ன?

சிறியதாக இருந்தால் மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். சிலருக்கு உறை போட்ட ஸ்டென்ட் வைத்துக் கிழிசலை அடைப்பார்கள். பெரிதாக இருந்தாலோ, கிருமி தொற்றியிருந்தாலோ ஆபரேஷன் தேவைப்படலாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஸ்டென்ட் வைத்த பின் விடாத காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்கக் கூடாது. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்கே போக வேண்டும். நெஞ்சுவலி கடுமையானாலோ மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. டிஸ்சார்ஜ் சீட்டையும் ஆஞ்சியோ சி.டி.யையும் ரேஷன் கார்டு போலப் பத்திரமாக வையுங்கள். ஸ்டென்ட் எங்கே, எந்தத் தேதியில் வைத்தது என்று அதைப் பார்த்துத்தான் டாக்டர் தெரிந்துகொள்வார்.

3. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

4. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கார்டு இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் உள்ள வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். நாம் சொல்லும் ஒரு வார்த்தை ஒரு உயிரைக் காப்பாற்றும்.