திரையில் தோன்றும் குறியீடு யாருக்குக் கதவைத் திறக்கிறது?

மூத்தோருக்கான உடற்பயிற்சிக் காணொளி ஒன்றைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று வீட்டுத் தொலைக்காட்சியில் யூடியூபைத் திறக்கிறீர்கள். அது உங்களை உள்நுழையச் சொல்கிறது. தொலைக்காட்சியில் விசைப்பலகை இல்லை. ரிமோட்டின் அம்புக்குறிகளை அழுத்தி, மின்னஞ்சல் முகவரியையும் மறைச்சொல்லையும் ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் உடற்பயிற்சி செய்யும் எண்ணமே போய்விடும்.

அதனால் தொலைக்காட்சி வேறொரு வழியைக் காட்டுகிறது. திரையில் ஓர் இணைய முகவரியும் ஒரு சிறு குறியீடும் தோன்றும். அந்த முகவரியை உங்கள் கைத்தொலைபேசியில் திறந்து, குறியீட்டைத் தட்டி, "அனுமதி" என்பதை அழுத்தினால் போதும். தொலைக்காட்சி தானாகவே உங்கள் கணக்கிற்குள் சென்றுவிடும். காணொளியைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் உள்நுழையவே தேவையில்லை. அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிட்டு நேரே பார்க்கத் தொடங்கலாம்.

இந்த உள்நுழைவு முறை இப்போது பல இடங்களில் பயன்படுகிறது. வசதியானது, முறையாகப் பயன்படுத்தினால் பாதுகாப்பானதும்கூட. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது தெரியாவிட்டால், மறைச்சொல்லை யாரிடமும் சொல்லாமலே நம் கணக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். சீட்டில் உள்ள எண் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. "இந்த எண்ணை வைத்திருப்பவர் காத்திருக்கிறார்" என்று மட்டுமே சொல்கிறது. தொலைக்காட்சித் திரையில் தோன்றும் குறியீடும் அப்படிப்பட்டதுதான். தொலைக்காட்சி நிறுவனத்தின் கணினியிடம் ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு காத்திருக்கிறது. "அனுமதி கிடைத்துவிட்டதா?" என்று சில வினாடிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கைத்தொலைபேசியில் அந்த எண்ணைத் தட்டி ஒப்புதல் தரும்போது, முகப்பில் இருப்பவரிடம், "அந்த எண்ணை வைத்திருப்பவர் என்னைச் சேர்ந்தவர்தான், உள்ளே விடுங்கள்" என்று சொல்கிறீர்கள். அடுத்த முறை தொலைக்காட்சி கேட்கும்போது கதவு திறக்கிறது.

இம்முறைக்கான அனைத்துலகத் தரக்குறிப்பு 2019இல் வெளிவந்தது. வேறு நேரம் குறிப்பிடப்படாவிட்டால் 5 வினாடிக்கு ஒருமுறை கேட்கலாம் என்கிறது அது. குறியீட்டில் ஆங்கில உயிரெழுத்துகளைத் தவிர்ப்பது நல்லது என்றும் அதில் ஓர் ஆலோசனை உண்டு. தற்செயலாக ஏதாவது சொல் உருவாகிவிடக் கூடாதே என்பதற்காக!

உங்கள் ஒப்புதல் குறியீட்டை வைத்திருப்பவருக்கே போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். அந்தக் குறியீடு உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தோன்றியதா, முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் தோன்றியதா என்பது நிறுவனத்தின் கணினிக்குப் பெரும்பாலும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

சிங்பாஸும் ஹெல்த்ஹப்பும்

உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவுகள், தடுப்பூசிப் பதிவுகள், மருத்துவச் சந்திப்புகள் ஆகியவை உங்கள் கைத்தொலைபேசிக்குள் இல்லை. அவை தொலைவில் உள்ள கணினிகளில் இருக்கின்றன. ஹெல்த்ஹப் அவற்றைக் காட்டும் சன்னல் என்றால், சிங்பாஸ் அந்தச் சன்னலின் சாவி. கைத்தொலைபேசியில் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்தால், அது நேரே சிங்பாஸ் செயலிக்குச் செல்லும். கணினியில் திறந்தால் திரையில் ஒரு கியூஆர் குறியீடு தோன்றும். கைத்தொலைபேசியில் உள்ள சிங்பாஸ் செயலியால் அதை வருடி, ஒப்புதல் தந்தால் கணினியில் உங்கள் பதிவுகள் திறக்கும்.

எழுத்துக் குறியீட்டிற்கும் கியூஆர் குறியீட்டிற்கும் தொழில்நுட்பத்தில் வேறுபாடு உண்டு. ஆனால் உங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஒரு திரை கேட்கிறது, இன்னொரு திரையில் நீங்கள் "சரி" என்கிறீர்கள்.

மோசடிக்காரர் எங்கே நுழைகிறார்?

மோசடிக்காரர் தம் கணினியில் உள்நுழையத் தொடங்குகிறார். அவருடைய திரையில் ஒரு குறியீடு தோன்றுகிறது. அதை உங்களுக்கு அனுப்பிவைக்கிறார், அல்லது தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறார். "மருத்துவமனையிலிருந்து அழைக்கிறேன் அம்மா. உங்கள் சந்திப்பை உறுதிப்படுத்த வேண்டும். நான் சொல்லும் எண்ணை அந்தப் பக்கத்தில் போடுங்கள்" என்று அவர் பணிவாகப் பேசலாம். சன்மானம், கருத்தாய்வு, கட்டணத் தள்ளுபடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

நீங்கள் எச்சரிக்கையானவர். இணைய முகவரியைச் சரிபார்க்கிறீர்கள். அது உண்மையான நிறுவனத்தின் உண்மையான பக்கம்தான். ஏமாற்று இணையத்தளம் எதுவும் இல்லை. மறைச்சொல்லையும் யாரும் கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிவதால் குறியீட்டைத் தட்டி ஒப்புதல் தருகிறீர்கள். அங்கே காத்திருந்த மோசடிக்காரரின் கணினியில் உங்கள் கணக்கு திறக்கிறது.

"போலி இணையத்தளத்தைத் தவிர்க்கவும்", "மறைச்சொல்லைப் பகிர வேண்டாம்" என்று நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அவை நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் இந்த ஒரு மோசடிக்கு அவை மட்டும் போதாது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022இல் சிங்கப்பூர்க் காவல்துறை இதுபோன்ற ஒரு மோசடி பற்றி எச்சரித்தது. கருத்தாய்வில் பங்கேற்றவர்களிடம், சன்மானம் பெறுவதற்காக ஒரு சிங்பாஸ் கியூஆர் குறியீட்டை வருடும்படி கூறப்பட்டது. அந்தக் குறியீடு போலியானதன்று. உண்மையான இணையத்தளம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட படம். அதை வருடி ஒப்புதல் தந்தவர்களின் பெயரில் மோசடிக்காரர்களால் இணையச் சேவைகளைப் பயன்படுத்த முடிந்தது.

வாட்ஸ்அப்பிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு கணினியை உங்கள் வாட்ஸ்அப்புடன் இணைக்க, கணினித் திரையில் காட்டப்படும் 8 எழுத்துக் குறியீட்டை உங்கள் கைத்தொலைபேசியில் தட்டும் வசதி இருக்கிறது. அந்தக் கணினி உங்களுடையது இல்லை என்றால், உங்கள் உரையாடல்களை இன்னொருவர் படிக்கலாம். உங்கள் பெயரில் உங்கள் பிள்ளைகளிடமே பணம் கேட்கலாம்.

"சரி" என்று அழுத்துவதற்கு முன்

உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் குறியீட்டைக் காட்டும் திரை என் கண்ணெதிரே இருக்கிறதா, அதில் உள்நுழையத் தொடங்கியது நான்தானா?

ஆம் என்றால் தொடரலாம். குறியீடு குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ தொலைபேசி அழைப்பிலோ வந்திருந்தால், அனுப்பியவர் யார் என்று ஆராயவே வேண்டாம். அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள். அழைப்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். உண்மையிலேயே மருத்துவமனையிலிருந்து அழைத்திருந்தால், உங்கள் சந்திப்பு அட்டையில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

சிங்பாஸ் செயலி, ஒப்புதல் கேட்கும்போது எந்தச் சேவைக்குள் நுழையப் போகிறீர்கள் என்பதையும் காட்டும். எழுத்து சிறியதாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். ஹெல்த்ஹப்பைத் திறக்க நினைத்த உங்களுக்கு அங்கே வேறொரு பெயர் தெரிந்தால் ஒப்புதல் தராதீர்கள். நூலகத்திலோ மூத்தோர் நிலையத்திலோ உள்ள பொதுக் கணினியைப் பயன்படுத்தியிருந்தால், எழுந்து செல்வதற்கு முன் வெளியேறிவிட்டீர்களா என்று பாருங்கள்.

மகனோ மகளோ உங்கள் மருத்துவச் சந்திப்புகளைக் கவனித்துக்கொள்கிறாரா? கைத்தொலைபேசியை அவரிடம் கொடுத்து, "நீயே எல்லாவற்றையும் அழுத்திக்கொள்" என்று சொல்வது பல வீடுகளில் வழக்கம். அதற்குப் பதிலாக, அவரை ஹெல்த்ஹப்பில் உங்கள் பராமரிப்பாளராகச் சேர்க்கலாம். அவர் தம்முடைய சிங்பாஸைப் பயன்படுத்தியே உங்கள் சந்திப்புகளைக் கவனிக்க முடியும். உங்கள் சாவி உங்களிடமே இருக்கும்.

ஏற்கெனவே ஒப்புதல் தந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். படித்தவர்களும் இளையர்களும்கூட இதில் ஏமாறுகிறார்கள். மறைச்சொல்லை மாற்றுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மோசடிக்காரர் மறைச்சொல்லைக் கொண்டு உள்ளே வரவில்லை என்பதால், அதை மாற்றிய பிறகும் அவருடைய கணினி இணைப்பிலேயே இருக்கக்கூடும். அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குச் சென்று, இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத சாதனத்தை நீக்குங்கள். கூகல் கணக்கிலும் இதுபோன்ற பட்டியல் உண்டு. தனியாகச் செய்யத் தெரியாவிட்டால் குடும்பத்தாரிடமோ மூத்தோர் நிலைய ஊழியரிடமோ உடனே உதவி கேளுங்கள்.

சிங்பாஸ் தொடர்பான சந்தேகத்திற்கு, சிங்பாஸ் உதவிச் சேவையை 6335 3533 என்ற எண்ணில் அழைக்கவும். வந்திருக்கும் செய்தியோ அழைப்போ மோசடியா என்று கேட்க, 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம். பணம் பறிபோயிருந்தால் முதலில் உங்கள் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள். குறியீடு வந்த செய்தியை அழித்துவிட வேண்டாம். புகார் கொடுக்கும்போது அது தேவைப்படும்.