ஆற்று நீரும் நாட்டு மீனும்

மழைக்காலம் தொடங்கி ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுவதைத் தோட்டங்களில் வாழும் நம்மவர் பலரும் கண்டிருப்பர். தூண்டில் போடுவோர் அந்த நாள்களுக்காகவே காத்திருப்பதும் உண்டு. கலங்கிய நீரில் மீன் ஏன் மேலேறுகிறது என்று கேட்டால், இரை தேடி என்று விடை வரும். அது பாதி விடையே. நம் ஆறுகளில் வாழும் மீன்களில் பலவற்றுக்கு நீர் ஏறுவது ஓர் அழைப்பாகும். முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்பதை நாள்காட்டி பார்த்து மீன் அறிவதில்லை. நீரின் வேகமும் குளிர்ச்சியும் மாறுவதைக் கொண்டே அறிகிறது.

ஆகவே, ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது மட்டுமன்று, எந்தக் காலத்தில், எப்படி ஓடுகிறது என்பதும் மீனுக்கு உயிர்நிலையான செய்தியாகும். இதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வுக்கு நல்ல தொடக்கம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் 1965-இல் உலு கோம்பாக்கில் கள ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தது. கோம்பாக் ஆற்றின் நீரையும் அதில் வாழும் பூச்சிகளையும் மீன்களையும் ஆராய்ந்து பிஷப் என்னும் அறிஞர் எழுதிய நூல் 1973-இல் வெளிவந்தது. சிறியதொரு மலேசிய ஆற்றைப் பற்றி இத்துணை விரிவாக எழுதப்பட்ட நூல்கள் மிகச் சிலவே.

ஆயினும், நீரோட்டத்தை மாற்றினால் மீன்கள் திரும்பி வருமா என்பதைச் சோதிக்க வேண்டுமானால் ஆற்றின் மதகு ஆய்வாளர் சொற்படி திறக்கப்பட வேண்டும். ஆண்டுக்கணக்கில் மீன்களை எண்ணிப் பார்க்கவும் வேண்டும். அத்தகைய வாய்ப்பு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பியூட்டா என்னும் ஓர் ஓடையில் கிடைத்தது.

கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுதும் வறண்டிருக்கும். பியூட்டா ஓடையின் குறுக்கே 1957-இல் மான்டிசெல்லோ அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்குக் கீழே மற்றொரு சிறிய தடுப்பணை நீரில் பெரும்பகுதியைக் கால்வாய் வழியே வயல்களுக்கும் நகரங்களுக்கும் திருப்பிவிட்டது. எஞ்சிய சிறிதளவு நீரே டேவிஸ் நகரை நோக்கி ஓடியது. 1980-களின் இறுதியில் கடும் வறட்சி வந்தபோது ஓடையின் கீழ்ப்பகுதி வற்றியது. குட்டைகளில் சிக்கிய மீன்கள் மடிந்தன. இதைக் கண்ட உள்ளூர் மக்கள் 1990-இல் நீதிமன்றம் சென்றனர். டேவிஸ் நகரமும் அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் அவர்கள் பக்கம் நின்றன.

அந்த மாநிலத்தில் பழைய சட்டம் ஒன்று உண்டு. அணைக்கு உரியவர், அணைக்குக் கீழே வாழும் மீன்களை 'நல்ல நிலையில்' வைத்திருக்கப் போதிய நீரை விட வேண்டும் என்பது அது. சட்டம் சொல்வது அவ்வளவுதான். நல்ல நிலை என்றால் என்ன? பத்து மீன் உயிரோடிருந்தால் போதுமா? வழக்கின் முடிச்சே இங்குதான் இருந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் மீன்களைப் பற்றிக் கற்பித்து வந்த பேராசிரியர் பீட்டர் மோயிலும் உடன் பணியாற்றியோரும் இதற்கு மூன்று படிகளில் விடை கூறினர். ஒவ்வொரு மீனும் நோயின்றிக் கொழுமையாக இருக்க வேண்டும். ஒவ்வோர் இனத்திலும் குஞ்சு முதல் முதிர்ந்தது வரை எல்லா வயது மீன்களும் இருக்க வேண்டும். அந்த மண்ணுக்கே உரிய பல இனங்கள் சேர்ந்து வாழும் கூட்டமாகவும் அது அமைய வேண்டும். நம் எண்ணத்தில், இந்த இரண்டாவது படியே மிகக் கூர்மையானது. பெரிய மீன்கள் மட்டுமே கண்ணில் படும் ஆறு செழிப்பானது என்று நாம் மகிழ்வோம். குஞ்சுகள் இல்லாத ஆறு உண்மையில் முடியப்போகும் ஆறாகும்.

1996-இல் நீதிமன்றம் கூடுதல் நீர் விடப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் இரு தரப்பினரும் பேசி 2000-ஆம் ஆண்டில் உடன்பாடு கண்டனர். ஆண்டு முழுதும் ஓடை அறுபடாமல் ஓட வேண்டும். குளிர்காலம் கழியும் வேளையில் மூன்று நாள் நீரைப் பெருக்கிவிட்டு, பின் சில வாரங்கள் ஓட்டத்தைச் சற்று உயர்த்தியே வைக்க வேண்டும். ஆண்டின் இறுதியில், கடலிலிருந்து வரும் சால்மன் மீன்களை அழைக்க ஐந்து நாள் நீர் விட வேண்டும். வறட்சி ஆண்டுகளில் அளவைக் குறைத்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. விவசாயிகள் இசைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அந்த மூன்று நாள் பெருக்கின் நுட்பத்தை விளக்குதல் தகும். பாறைப் பாசியை உறிஞ்சி உண்ணும் 'சக்கர்' போன்ற அவ்வூர் மீன்கள், குளிர்ந்த நீர் வேகமாக ஓடும் காலத்தில் கூழாங்கற்களிடையே முட்டையிடுவன. ஓடும் நீர் கற்களின் இடுக்கில் புகுந்து முட்டைக்கு உயிர்வளி தரும். மூடும் சேற்றை அகற்றும். வெளியிடங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பாஸ், சன்ஃபிஷ் போன்ற மீன்களோ வெப்பமான, தேங்கிய நீரில் பிந்தி முட்டையிடுவன. நீரோட்டம் சரியான காலத்தில் வந்தால் நாட்டு மீன்களின் குஞ்சுகள் முந்திக்கொண்டு வளர்ந்துவிடுகின்றன.

பலன் என்ன? ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்தில் ஆறு இடங்களைத் தேர்ந்து, உடன்பாட்டுக்கு முன் எட்டு ஆண்டுகளும் பின் ஒன்பது ஆண்டுகளும் மீன்கள் எண்ணப்பட்டன. பயிற்சி பெற்றோர் நீரில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி மீன்களைச் சிறிது நேரம் மயங்கச் செய்து, இனம் பார்த்து அளந்து, மீண்டும் ஆற்றிலேயே விடுவர். (இது ஆய்வுக்கு அனுமதி பெற்றோரின் முறை. நம் நாட்டில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பது குற்றமாகும், உயிருக்கும் ஆபத்து.) தொடக்கத்தில் நாட்டு மீன்கள் தடுப்பணைக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த இடத்தில் ஒடுங்கிக் கிடந்தன. புதிய நீரோட்டம் வந்தபின் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் அவையே மிகுந்து காணப்பட்டன. 2012-இல் வெளியான இம்முடிவுகளில் வியப்புக்குரியது மற்றொன்று: பெரும்பாலான ஆண்டுகளில் இதற்காகக் கூடுதலாக விடப்பட்ட நீர் சிறிதளவே. அளவைவிடக் காலமே பெரிதாக உதவியது. இயற்கையாக வந்த குளிர்காலப் பெருவெள்ளங்களும் அயல் மீன்களை அடித்துச் சென்று துணைபுரிந்தன என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

இதனை அப்படியே நம் ஆறுகளுக்குப் பொருத்திவிட முடியாது. கிழக்குக் கரையில் ஆண்டின் இறுதியில் பருவமழை கொட்டும். மேற்குக் கரையில் ஆண்டுக்கு இருமுறை மழை மிகும். நம் கெலா, பாவுங், செபாராவ் மீன்களுக்கு எந்த நீர் எப்போது வேண்டும் என்பதை நம் ஆறுகளில்தான் கண்டறிய வேண்டும். பேராக் ஆற்றில் 1930-இலேயே செண்டரோ அணை எழுந்தது. பின்னர் மேலும் அணைகள் வந்தன. அவ்வாற்றுக்குப் பேர்போன தெமோலே, முட்டையிட ஆற்றின் மேற்பகுதியை நாடும் பெருமீனாகும். அதன் அனைத்துலக வாணிபம் 1975 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அணைகள் நமக்கு மின்சாரம் தருகின்றன; அவை வேண்டாம் என்பார் யாருமில்லை. மதகு திறக்கும் நேரத்தைப் பற்றியதே இங்குள்ள கேள்வி.

அணை இல்லாத சிற்றாறுகளிலும் நீரோட்டத்தின் வேலை உண்டு. 1970-களில் ரப்பர், செம்பனை ஆலைகளின் கழிவுநீர் நம் ஆறுகளுக்குப் பெருங்கேடாக இருந்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. பாலை உறைய வைத்தபின் எஞ்சும் நீரில் சர்க்கரையும் புரதமும் உள்ளன. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆற்றின் உயிர்வளியைத் தீர்த்துவிடும். மழைக்காலத்தில் பெருநீரில் கரைந்துபோகும் அதே அளவு கழிவு, வறட்சியில் ஓடை மெலிந்திருக்கும்போது மீன்களைக் கொன்றுவிடும். அத்தகைய நீரில் தாங்கி நிற்பவை திலாப்பியா, பண்டாராயா போன்ற அயல் மீன்களே.

வறட்சியில் ஓடை அறுபட்டு மடுக்களாகும்போது, தூபா வேரை நசுக்கிக் கலக்கி மீன் பிடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. அதுவும் இன்று தடை செய்யப்பட்டதே. ஓடும் ஆற்றைவிட ஒடுங்கிய மடுவில் நஞ்சு விரைவில் பரவும். அப்போது அங்கே ஒதுங்கி நிற்பவை, அடுத்த புதுவெள்ளத்தில் முட்டையிட மேலேற வேண்டிய தாய் மீன்களாகும்.