மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டி: காட்சி ஒழுங்கும் பெயரிடலும்

திறவுச்சொற்கள்: சுற்றுலா வழிகாட்டி, மாமல்லபுரம், ஐந்து இரதங்கள், வாய்மொழி மரபு, பெயரிடல்

முன்னுரை

குழுவாகச் செல்லும் சுற்றுலாவில் வழிகாட்டியின் பங்கு யாது என வினவினால், அவர் தகவல் தருபவர் என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. இவ்விடையை ஏற்றுக்கொண்டால் அவரை மதிப்பிடும் அளவுகோலும் ஒன்றாகிவிடுகிறது: அவர் சொன்னது சரியா, தவறா? எரிக் கோகன் 1985இல் எழுதிய கட்டுரையில், வழிகாட்டியின் பணி பாதை காட்டுதல், அறிவு புகட்டுதல் என்னும் இரு மூலங்களிலிருந்து கிளைத்ததாக விளக்கினார். குழுவைச் சிதறாமல் வைத்திருத்தலும், உள்ளூராருக்கும் பயணிகளுக்கும் இடையில் நிற்றலும் அவ்விளக்கத்துள் அடங்கும். மாமல்லபுரத்தை முன்வைத்து நோக்கும்போது இவற்றோடு வேறொன்றும் புலனாகிறது. அங்கு வழிகாட்டும் மரபு சிற்பங்களுக்கும் கோயில்களுக்கும் பெயரிட்டிருக்கிறது. அப்பெயர்கள் ஆய்வு நூல்களிலும் நிலைத்துவிட்டன. இதன் விளைவுகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேரமும் நிற்குமிடமும்

சென்னையிலிருந்து ஒருநாள் பயணமாக வரும் பேருந்துக் குழுவிற்கு மாமல்லபுரத்தில் கிடைப்பது சில மணி நேரமே. காஞ்சிபுரமும் அதே நாளில் சேர்ந்துவிட்டால் அதுவும் சுருங்கும். குடைவரை, ஒற்றைக்கல் கோயில், திறந்தவெளிப் புடைப்புச் சிற்பம், கட்டுமானக் கோயில் ஆகிய நால்வகைப் படைப்புகளும் ஒரே ஊரில் இருக்க, எதை விடுவது என்னும் முடிவு வழிகாட்டியின் கையில் இருக்கிறது. முதியோரும் குழந்தைகளும் மிகுந்த குழுவாயின் குன்றின் மேலுள்ள மகிடாசுரமர்த்தினி குடைவரையே முதலில் விடுபடுகிறது. பல்லவர் சிற்பக்கலையின் உச்சங்களுள் ஒன்றைக் காணாமலேயே குழு திரும்புகிறது. காணவில்லை என்பதும் அக்குழுவிற்குத் தெரிவதில்லை. மறுபுறம், சிற்ப விற்பனைக் கூடத்தில் தரகுத் தொகை கிடைக்குமாயின் அங்கு நிறுத்தம் நீள்கிறது. இதனை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கூறிக் கடந்துவிட இயலாது. நிலையான ஊதியமற்ற ஒரு தொழிலின் பொருளாதாரம் குழுவின் கால அட்டவணைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை அது காட்டுகிறது.

பெரும் புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேரே விழும்போது உருவங்கள் தெளிந்து நிற்கும்; பிற்பகலில் மங்கிவிடும். அனுபவமுள்ள வழிகாட்டி இதனை அறிந்தே பயணத்தின் வரிசையை அமைக்கிறார். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறையின் முன் குழுவை நிறுத்தியவுடன், நடுப்பிளவையோ நாகர்களையோ அவர் சுட்டுவதில்லை. பெரிய யானையின் அருகே முன்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் உள்ள எலிகளையும் காட்டுகிறார். குழு சிரிக்கிறது. ஒருவரையொருவர் அறியாத பயணிகள் ஒரு கூட்டமாவது பெரும்பாலும் அந்தச் சிரிப்பில்தான். அதன் பின்னரே ஒற்றைக்காலில் நிற்கும் மெலிந்த தவசியைச் சுட்டி, அருச்சுனனா பகீரதனா என்னும் வினாவை அவர் எழுப்புகிறார். விக்டர் கோலுபெவ் 1914இல் இதனைக் கங்கை இறங்கும் காட்சியாக விளக்கியது முதல் இன்றுவரை தொடரும் விவாதம் இது. யுனெஸ்கோ 1984இல் இவ்வூரை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது கங்கை இறக்கம் என்னும் பெயரையே எடுத்தாண்டது. உள்ளூரிலோ அருச்சுனன் தபசு என்பதே வழக்கு. வழிகாட்டிகள் பலரும் இரண்டையும் சொல்லித் தேர்வைக் கேட்போரிடமே விட்டுவிடுகின்றனர். பூனையைப் போலித் தவத்தின் அடையாளமாகக் கண்ட கண்ணுக்கு, மெய்த்தவம் யாருடையது என்னும் வினா இயல்பாகவே வந்து சேர்கிறது. வகுப்பறையில் பாடம் நடத்துவோரும் எண்ணிப் பார்க்கத்தக்க வரிசை இது.

பெயர் மறைப்பதும் காட்டுவதும்

ஐந்து இரதங்கள் எனப்படுபவை இரதங்களும் அல்ல, பாண்டவர்க்கு உரியனவும் அல்ல. ஒற்றைக்கல் கோயில்களாகிய இவற்றுள் தருமராச இரதத்தின் மேல்தளத்தில் 'அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்' எனக் கல்வெட்டே பெயர் கூறுகிறது. ஆயினும் பாண்டவர் பெயர்களே வழங்குகின்றன. ஐரோப்பியர் இவ்வூரைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, உடன் வந்து காட்டிய உள்ளூராரின் சொற்களே அவர்களுக்கு முதற்சான்றாயின. வில்லியம் சேம்பர்சின் கட்டுரை 1788இல் வெளிவந்தது. உள்ளூர் அந்தணர் கூறிய கதைகளை அவர் அதில் பதிவுசெய்துள்ளார். காலின் மெக்கன்சியின் உதவியாளர் காவலி லட்சுமய்யா 1803இல் இங்கு வந்து தலச்செய்திகளைத் தொகுத்தார். இவையும் பிறவும் 1869இல் கார் பதிப்பித்த தொகுப்பில் இடம்பெற்றன. வழிகாட்டியின் வாய்ச்சொல் இவ்வாறு நூலேறி, தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகைக்கும் நம் தேர்வு வினாத்தாளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

பெயரினால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. திரௌபதி இரதத்தின் கருவறையில் நிற்பவள் கொற்றவை; அவள் காலடியில் ஒரு வீரன் தன் தலையை அரிந்து படைக்க முற்படுகிறான். தமிழ் மரபின் கொற்றவை வழிபாட்டையும் தலைப்பலியையும் கல்லில் காட்டும் அரிய சான்று இது. திரௌபதி என்னும் பெயரைக் கேட்டு வெளியே நின்று படமெடுத்துக்கொள்ளும் குழுவிற்கு அது முற்றிலும் மறைந்துபோகிறது. அப்பெயரைச் சொல்லிய அதே வழிகாட்டி இரண்டடி முன்னே அழைத்துச் சென்று உள்ளே பார்க்கச் சொன்னால் போதும்.

காட்டுதலின் ஆற்றலுக்கு நகுல சகாதேவ இரதம் எதிர்ச்சான்று. இதன் பின்புறம் வளைந்து யானையின் முதுகை ஒத்திருக்கும். கட்டடக் கலையில் இவ்வடிவம் தூங்கானை மாடம் எனப்படும். அருகிலேயே ஒற்றைக்கல்லாலான யானை நிற்கிறது. குழுவைச் சற்றுப் பின்னே கொண்டுபோய், யானையின் முதுகையும் கோயிலின் முதுகையும் ஒருசேரப் பார்க்கச் செய்யும் வழிகாட்டி, ஒரு கலைச்சொல்லை விளக்கமின்றியே புரியவைத்துவிடுகிறார்.

கதையின் இடம்

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை எனப்படும் பாறையருகே தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. 1908இல் ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கொண்டு அப்பாறையை நகர்த்த முயன்று தோற்றார் என்பது அக்கதை. ஹேவ்லாக் சென்னை ஆளுநராக இருந்தது 1896 முதல் 1900 வரை; 1908இல் அப்பதவியில் இருந்தவர் ஆர்தர் லாலி. (இரு ஆர்தர்களும் ஒருவராகிவிட்டனர் போலும்.) ஆண்டைத் திருத்துவது எளிது. ஆனால் அக்கதை கேட்டவுடன் குழுவினர் ஒவ்வொருவராகப் போய்ப் பாறையைத் தள்ளிப் பார்க்கின்றனர். ஆட்சியாளன் அசைக்க முடியாததைத் தாமும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அது. திருத்தப்பட்ட ஆண்டு இதனைச் செய்யாது.

மாறாக, இவ்வூரின் படைப்புகள் அனைத்தையும் இராசசிம்மனுக்கே உரியனவாகக் கொண்டு இரா. நாகசாமி 1962இல் முன்வைத்த கருத்து குழுக்களின் காதில் விழுவது அரிது. நடந்துகொண்டே சொல்ல இயலாதது அது; கல்வெட்டு எழுத்தமைதியை நின்று நோக்கினாலன்றி விளங்காது. மாமல்லன் என்னும் ஒரு பெயரே பேருந்து புறப்படும் நேரத்திற்குள் அடங்குகிறது. 2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமர் சீன அதிபருக்கு இவ்வூரைச் சுற்றிக் காட்டியபோதும் தபசுப் பாறை, வெண்ணெய் உருண்டை, இரதங்கள், கடற்கரைக் கோயில் என்னும் அதே வரிசையே அமைந்தது.

வழிகாட்டிகளுக்கான பயிற்சியைப் பிழைதிருத்தமாக மட்டும் கருதும் போக்கு இந்த இடத்தில்தான் குறைபடுகிறது. லட்சுமய்யா அன்று கேட்டெழுதியவற்றை ஆவணமென மேற்கோள் காட்டும் நாம், இன்று அதே பாறைகளின் முன் சொல்லப்படுவதை ஒலிப்பதிவு செய்வதற்குக்கூடப் பெரும்பாலும் முனைவதில்லை. எந்தக் குழுவிற்கு, எந்த மொழியில், எங்கு நின்று, எவ்வளவு நேரம் சொல்லப்பட்டது என்னும் குறிப்புகளுடன் அவற்றைத் தொகுப்பது நாட்டார் வழக்காற்றியல் துறைகள் உடனே தொடங்கக்கூடிய களப்பணியாகும். பள்ளி மாணவர்க்குச் சொல்லப்படும் பூனைக் கதையும் வெளிநாட்டார்க்குச் சொல்லப்படும் பூனைக் கதையும் எங்கு வேறுபடுகின்றன என்பதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.